கேட்காத மாணவருக்கும் சேர்த்துத் திட்டமிடும் வகுப்பு

கொழும்பில் ஒரு முதலாம் வருட விரிவுரை மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். கொள்ளுப்பிட்டியில் ஆங்கில மொழிமூலம் படித்தவர் இருப்பார். மூதூரிலோ மாங்குளத்திலோ உயர்தரம் வரை முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, வெள்ளவத்தையில் போடிங் எடுத்துத் தங்கி, ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஆங்கிலத்தில் பாடம் கேட்பது இதுதான் முதல்தடவை என்றிருப்பவரும் இருப்பார். அவிசாவளையில் விடிய முன்னரே புகையிரதம் ஏறியவர், ஒரு காது சரியாகக் கேட்காதவர், மடிக்கணினி இல்லாமல் எல்லா ஒப்படையையும் கைத்தொலைபேசியில் தட்டச்சு செய்பவர், எல்லோரும் அதே மண்டபத்தில்தான். இந்தக் கலவை தற்செயலாக வந்ததும் அல்ல. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்றுதான் அரச பல்கலைக்கழக அனுமதி நடக்கிறது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வர வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். வந்த பிறகு அவர்கள் உட்காரும் வகுப்பு எப்படி நடக்கிறது என்பது விரிவுரையாளர்களான எங்கள் கையில் இருக்கிறது.

எல்லா மாணவரையும் உள்வாங்கும் வகுப்பறை பற்றி எங்களுக்குள் பேசும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: “யாராவது வந்து கேட்டால் செய்து கொடுக்கிறோம்தானே?” சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உதவி அதிகம் தேவைப்படுபவர்தான் கேட்பதில்லை. கேட்பதற்கு மொழி வேண்டும், துணிவு வேண்டும், இப்படிக் கேட்கலாம் என்பதே முதலில் தெரிந்திருக்க வேண்டும். “சேர், விளங்கேல்ல” என்று நூறு பேர் முன்னால் எழுந்து சொல்லக்கூடிய முதல் வருட மாணவர் மிக அபூர்வம். ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் வேலை செய்யும்படி வகுப்பை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அந்த முன்கூட்டிய வேலைகள்தான். பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை, விரிவுரைக்கு முதல் நாள் கொஞ்ச நேரம் போதும்.

முதல் வாரத்தில் ஒரு சிறு படிவம்

ஆறு கேள்விகள், ஒரே பக்கம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கேள்வி இருக்க வேண்டும், எந்த மொழியிலும் பதில் எழுதலாம் என்று மேலே போட வேண்டும். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? எந்த மொழியில் வாசிக்க, எழுத, பேச வசதி (மூன்றையும் தனித்தனியாக)? பாடக் குறிப்புகளை எதில் பார்ப்பீர்கள், கைத்தொலைபேசியா கணினியா, டேட்டா எப்படி? வகுப்புக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது? எங்கே உட்கார்ந்தால், என்ன மாற்றம் செய்தால் உங்களுக்குக் கேட்கவும் பார்க்கவும் எழுதவும் எளிதாக இருக்கும்? நான் தெரிந்திருக்க வேண்டியது வேறு ஏதாவது?

ஐந்தாவது கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “உங்களுக்கு ஏதும் குறைபாடு உண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் எழுதுவார்கள். தகவல் எங்கே போகும், சக மாணவருக்குத் தெரிந்துவிடுமா, வீட்டில் கலியாணப் பேச்சு வரைக்கும் பாதிக்குமா என்ற பயம் உண்மையானது. நோயின் பெயரை விட்டுவிட்டுத் தேவையை மட்டும் கேட்டால் எழுதுவார்கள்: “மின்விசிறிக்குக் கீழே இருந்தால் கேட்காது”, “வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்துத் தெரியாது”. அதற்கு மேல் எங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. படிவத்தை வாங்கி வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் நிலைமை முன்னையதைவிட மோசமாகும், அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். இரண்டாம் வார வகுப்பில், ஆளைக் குறிப்பிடாமல், “படிவத்தில் வந்தவற்றை வைத்து இன்று முதல் இந்த இரண்டை மாற்றுகிறேன்” என்று சொல்லிவிட வேண்டும்.

முதல் கேள்வி பெயர் பற்றியது, அதையும் சிறிய விஷயமாக எடுக்கக் கூடாது. எங்கள் பெயர்ப் பட்டியல்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு பெட்டிகளில் வருகின்றன. தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் நிற்பது பெரும்பாலும் தந்தையின் பெயர், கடைசியில் நிற்பதுதான் சொந்தப் பெயர். கற்றல் முகாமைத் தளம் முதற்பெயரைக் காட்டும்போது ஒரு மாணவி அவருடைய அப்பாவின் பெயரில் அழைக்கப்படுகிறார். முஸ்லிம் மாணவர்களில் பலர் “மொஹமட்” ஆகிவிடுவார்கள். சிங்கள மாணவர்களுக்கு கடைசிப் பெயர் பெரும்பாலும் குடும்பப்பெயர். பட்டியலை இறக்கி, படிவத்தில் அவர்கள் எழுதிய பெயரைப் பக்கத்தில் ஒரு நிரலாகச் சேர்த்து, அதைப் பார்த்து வரவு எடுங்கள். உச்சரிப்பு வராவிட்டால் அவரிடமே ஒருமுறை சொல்லிக் காட்டச் சொல்லி, கேட்டபடி குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மொழி

கொழும்பில் உள்வாங்கல் என்றால் முதலில் மொழிதான். பாடத்தில் கெட்டிக்காரராக இருந்தும் ஆங்கிலத்தில் வாய் திறக்காததால் “பலவீனமான மாணவர்” என்று முத்திரை குத்தப்படுகிறவர்கள் எங்கள் வகுப்புகளில் அதிகம்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே இதை அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று வினாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்தில் வசனம் கட்டும் மாணவருக்கு மூன்று வினாடியும் போதாது. மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதலில் உயர்ந்த கைக்கு உடனே வாய்ப்புக் கொடுக்காமல், மூன்று கைகளாவது உயரும் வரை பொறுங்கள். அந்த மௌனம் விரிவுரையாளருக்குத்தான் சங்கடம், மாணவருக்கு அது வேலை செய்யும் நேரம்.

அடுத்தது, தனியாக யோசித்து, பக்கத்தவருடன் பேசி, பிறகு வகுப்புக்குச் சொல்லும் முறை. அமெரிக்காவின் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தது. இங்கே அதற்கு ஒரு திருத்தம் வேண்டும்: பக்கத்தவருடன் பேசும் இரண்டு நிமிடமும் எந்த மொழியிலும் பேசலாம், வகுப்புக்குச் சொல்வது மட்டும் ஆங்கிலத்தில். சிந்தனை தாய்மொழியில் தெளிந்துவிட்டால் ஆங்கில வசனம் தானாக வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். முதலில் தனியாக எழுதும் ஒரு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டால் இந்த முறை கெட்டுப்போகும், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டுவதோடு முடிந்துவிடும். வகுப்பில் பல மொழிகளையும் வளமாகப் பயன்படுத்துவது பற்றி உலக அளவில் எழுதிவருபவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா. எங்கள் சூழலிலிருந்து போன சிந்தனையை எங்கள் வகுப்புகளில் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு விரிவுரைக்கும் பத்துப் பன்னிரண்டு கலைச்சொற்களை மும்மொழியில் ஒரு அட்டவணையாக முதல் நாளே போட்டுவிடுங்கள். தமிழ்ச் சொல்லை இணைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கக் கூடாது, அதில் தமிழகப் பாடநூல் சொல்தான் பெரும்பாலும் வரும். பௌதிகவியலில் நாம் திணிவு, நிறை என்று படிப்பதை அங்கே நிறை, எடை என்று படிக்கிறார்கள். திணிவு என்று வர வேண்டிய இடத்தில் “நிறை” என்று அட்டவணையில் வந்தால், ஒன்றும் இல்லாமல் விட்டதைவிடப் பெரிய குழப்பம். நமது உயர்தரப் பாடநூல்களின் பின்னால் உள்ள சொற்களையும் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளையும் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த மொழிமூலத்தில் படித்த மாணவரிடமே கேளுங்கள்.

சக விரிவுரையாளர்களிடம் வலியுறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் இடையிடையே சிங்களத்திலோ தமிழிலோ விளக்குவது நல்லதுதான். ஆனால் “இது பரீட்சைக்கு முக்கியம்”, “அடுத்த கிழமை வகுப்பு இல்லை”, “ஒப்படை திகதி மாறியிருக்கிறது” போன்றவை அந்த இடைப்பேச்சில் வந்துவிட்டால், மண்டபத்தில் ஒரு பகுதிக்கு அது போய்ச் சேராது. திகதி, புள்ளி, பரீட்சை தொடர்பான எதையும் ஆங்கிலத்தில் மறுபடி சொல்லி, அன்றைக்கே கற்றல் தளத்தில் எழுத்தில் போட வேண்டும். வகுப்புப் பிரதிநிதியின் வட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்று நினைக்க முடியாது, அந்தக் குழு எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

வகுப்பு முடிய மூன்று நிமிடத்துக்கு முன் ஒரு துண்டுத் தாள் கொடுத்து இரண்டு கேள்வி கேட்கலாம்: இன்று விளங்கியது என்ன, விளங்காதது என்ன? பெயர் வேண்டாம், எந்த மொழியும் சரி. “விளங்கினதா?” என்று வாயால் கேட்டால் மண்டபம் முழுக்கத் தலை ஆடும். தாளில் உண்மை வரும். எண்பது தாளை வாசிக்க இருபது நிமிடம் போகாது, எங்கே திரும்பச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும். சிங்களம் வாசிக்கத் தெரியாத தமிழ் விரிவுரையாளருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாத சிங்கள விரிவுரையாளருக்கும் பக்கத்து மேசையில் இருக்கும் சக ஆசிரியர் உதவலாம்.

குறிப்புகளும் கோப்புகளும்

விழிப்புலன் குறைந்த அல்லது இல்லாத மாணவர்கள் எங்கள் பல்கலைக்கழகங்களுக்கு வருகிறார்கள், அனுமதியில் அவர்களுக்கென விசேட ஏற்பாடும் உண்டு. அவர்கள் கணினியிலும் தொலைபேசியிலும் திரைவாசிப்பு மென்பொருள் கொண்டு கேட்டுத்தான் படிக்கிறார்கள். அவற்றில் என்விடிஏ என்பது இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். ஆனால் யூனிகோட் தமிழை மட்டும்தான் வாசிக்கும்.

எங்கள் துறைகளில் இருக்கும் பழைய தமிழ்க் குறிப்புகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. பாமினியில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள். “அம்மா” என்று திரையில் இருப்பதைத் திரைவாசிப்பான் “எம், கே, அரைப்புள்ளி, கே, எச்” என்று வாசிக்கும். ஒரு முழு அத்தியாயத்தை அப்படிக் கேட்க வேண்டியிருந்த மாணவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். சோதிப்பது எளிது: ஒரு வரியைப் பிரதி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துக் கலவையாக வந்தால் பாமினி. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிகோடாக மாற்றிவிடலாம். மாற்றும்போது இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் தமிழாகிச் சிதைந்துவிடும், ஆகவே ஆங்கிலப் பகுதிகளை முதலில் வேறாக எடுத்து வைத்துவிட்டு மாற்ற வேண்டும்.

பிடிஎஃப் என்றால் இரண்டு சோதனை. சுட்டியால் எழுத்தைத் தெரிவு செய்ய முடியாவிட்டால் அது போட்டோகொப்பியின் படம், திரைவாசிப்பானுக்கு வெற்றுப் பக்கம். தெரிவு செய்ய முடிந்தாலும் தமிழில் ஒரு தொல்லை உண்டு. கொ, கோ, கை போன்றவற்றின் கொம்பும் காலும் பிரிந்து இடம் மாறிச் சேமிக்கப்பட்டிருக்கலாம், பார்க்க அழகாக இருக்கும், கேட்கக் குழறும். அதனால் தமிழ்க் குறிப்புகளுக்குப் பிடிஎஃப் உடன் மூல வேர்ட் கோப்பையும் சேர்த்தே தளத்தில் ஏற்றுங்கள். திருத்திவிடுவார்களே என்ற பயத்தைவிட வாசிக்க முடியாமல் போவது பெரிய நட்டம். வேர்டில் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் தலைப்புப் பாணியைப் பயன்படுத்தினால், கேட்டு வாசிப்பவர் ஒரே விசையால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். அறுபது பக்கக் குறிப்பில் இது பெரிய விஷயம்.

படமாக இருக்கும் பழைய நூற்பக்கங்களை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸ் மூலம் திறந்தால் எழுத்தாக மாறும், தமிழையும் ஓரளவு நன்றாகவே எடுக்கும். பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்துப் போடுங்கள். “ர”வும் துணைக்காலும் மாறும், “ண”, “ன” குழம்பும், அட்டவணைகள் கலைந்துவிடும். அட்டவணையை மட்டும் கையால் திரும்ப அடிப்பதுதான் விரைவு.

ஸ்லைட்டில் எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. தமிழ் என்றால் 28. கொம்பும் விசிறியும் மேல் கீழ் வரிகளில் முட்டாமல் இருக்க வரி இடைவெளி 1.2 அல்லது 1.3 வையுங்கள். இருபக்கமும் சமப்படுத்தும் அமைப்பை விட்டுவிடுங்கள், தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இடையில் பெரிய ஓட்டைகள் விழும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற மாறுபாடு இணைய அணுகல் நெறிகளில் உள்ள குறைந்தபட்ச அளவு. பகல் வெளிச்சம் அடிக்கும் எங்கள் மண்டபங்களில், மங்கிய புரொஜெக்டரில், அதுவும் போதாது. வெள்ளையில் கறுப்பு அல்லது கருநீலம்தான் நம்பலாம். வரைபில் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று மட்டும் வேறுபடுத்தினால் நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகும். ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாக்கினால் முடிந்தது. வரைபைக் காட்டி “இது இப்படிக் கூடுகிறது பாருங்கள்” என்பதற்குப் பதில் “கிடை அச்சில் வருடம், நிலை அச்சில் விலை, கோடு நடுவில் செங்குத்தாக ஏறுகிறது” என்று சொல்லிப் பழகினால், பின்வரிசைக்கும் ஒலிப்பதிவைக் கேட்பவருக்கும் சேர்த்துப் பயன்படும்.

டேட்டா பற்றியும் ஒரு கணக்கு. முழுக் காணொளி நூற்றுக்கணக்கான எம்பி போகலாம். அதே விரிவுரையை 64 கேபிபிஎஸ் ஒற்றை ஒலிப்பாதையாகப் பதிந்தால் மணிக்கு 29 எம்பி வரை, 32 ஆகக் குறைத்தால் பாதி. ஸ்லைட்டும் ஒலியும் தனித்தனியாகப் போட்டு, பேசும்போது “இப்போது ஏழாவது ஸ்லைட்” என்று எண் சொன்னால் காணொளி இல்லாமலே தொடரலாம். வீட்டில் காணொளி பார்த்துவிட்டு வகுப்பில் பயிற்சி செய்யும் தலைகீழ் வகுப்பறை முறை இப்போது எல்லாப் பயிற்சிப் பட்டறையிலும் பேசப்படுகிறது. 2020 முடக்கக் காலத்தில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக ஸூம் கட்டணமின்றிக் கிடைத்ததால் அது சுலபம் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. நாலு பேர் ஒரு அறையில், ஒரு தொலைபேசியின் டேட்டாவைப் பங்கிட்டு வாழும் போடிங்கில் நாற்பது நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் பார்க்காமல்தான் வருவார்கள். எட்டு நிமிடத்துக்கு மேற்படாத துண்டுகளாக, அல்லது நான்கு பக்க வாசிப்பாகக் கொடுங்கள். பார்க்காதவருக்காக வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் அச்சடித்த ஒரு பக்கச் சாரம் இருக்க வேண்டும்.

குரல், படி, இருக்கை

மின்விசிறிச் சத்தம், காலி வீதி வாகனங்கள், கடலோரப் பாதையின் புகையிரதம் என்று இங்கே வகுப்பறை ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. “எனக்கு மைக் தேவையில்லை, குரல் போதும்” என்பதை விட்டுவிட வேண்டும். மைக் தேவைப்படுவது கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான். பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினால் உதடு பார்த்து விளங்குபவருக்கு அந்த வசனங்கள் இல்லாமல் போகும், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். மாணவர் கேட்கும் கேள்வியை மைக்கில் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வதுதான் இருப்பதிலேயே மலிவான, பயன் மிகுந்த பழக்கம். சைகை மொழிபெயர்ப்பாளர் வருவாரானால் ஸ்லைட்டும் கலைச்சொல் அட்டவணையும் அவருக்கு இரண்டு நாள் முன்பே போக வேண்டும். ஒருவரே இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து செய்ய முடியாது, இருவராக இருந்து இருபது நிமிடத்துக்கொரு தடவை மாறுவதே முறை. ஒருவர்தான் கிடைத்தால் இடைவேளைகளைக் கூட்டுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிலைய அனுமதியில் பாகுபாட்டைத் தடுக்கிறது. கட்டட அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் பழைய கட்டடங்களுக்கு மின்தூக்கி நாளைக்கு வராது. ஒரு அங்குலம் ஏற 12 அங்குல நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் 18 அடி நீளம் வேண்டும். பலகையைச் சாய்த்துப் போட்டு “ரேம்ப் போட்டாச்சு” என்றால் சக்கர நாற்காலி பின்னால் சரியும், அது ஆபத்து. உடனடியாகச் செய்யக்கூடியது நேர அட்டவணையில் இருக்கிறது: சக்கர நாற்காலியில் வரும் மாணவர் படிக்கும் பாடத்தொகுதியின் எல்லா வகுப்புகளையும், பயிற்சி வகுப்பு உட்பட, நிலத்தளத்துக்கு மாற்றுவது. ஒரு மாணவருக்காக முழு வகுப்பையும் மாற்றுவதா என்று யாராவது கேட்கக்கூடும். மாற்ற வேண்டும், அதற்கு மாற்று, நண்பர்கள் தூக்கிக்கொண்டு படியேறுவது. அதை எந்த மாணவர் மீதும் சுமத்த எங்களுக்கு உரிமை இல்லை.

நேரம்

காலை எட்டு மணி வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் புள்ளியுடன் குட்டிப் பரீட்சை வைப்பது நேரந்தவறாமையைப் பழக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது அவிசாவளையிலிருந்து வரும் களனிவெளிப் புகையிரதத்தின் தாமதத்துக்குத்தான் புள்ளி போடுகிறது. அதே பரீட்சையை வகுப்பின் நடுவில் வையுங்கள். திங்கட்கிழமை காலையில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு இரவு பஸ்களில் இறங்கி நேரே வருபவர்கள் இருப்பார்கள், அன்று குழுச் சமர்ப்பணம் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை 12 முதல் 1.30 வரை ஜும்ஆ. அந்த நேரத்தில் “விருப்பமானால் வரலாம்” என்று போடும் மேலதிக வகுப்பும் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்துகிறது. நோன்பு மாதத்தில் மாலை வகுப்பு நடத்துபவர்கள் ஆறரை மணியை ஒட்டி இருபது நிமிட இடைவேளை விடலாம், எல்லோரும் தேநீர் குடிக்கட்டும். ஒப்படையின் இறுதி நேரத்தை நள்ளிரவு என்று வைக்காமல் மாலை ஐந்து மணியாக்குங்கள், பல்கலைக்கழக இணையத்தில் இருந்தபடியே ஏற்றிவிட்டுப் போகலாம்.

குழு வேலை

“உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேருங்கள்” என்றால் மண்டபம் சில நிமிடத்தில் மொழிவாரியாகப் பிரிந்துவிடும். நாங்கள் பிரிப்பதே நல்லது, ஆனால் பிரிப்பதில் ஒரு கவனம் வேண்டும். ஐந்து பேர் குழுவில் ஒரே ஒரு தமிழ் மாணவரைப் போட்டால் அவர் மௌனமாகிவிடுவார், குழுப்பேச்சு முழுக்கச் சிங்களத்தில் போகும். நான்கு பேர், இரண்டுக்கு இரண்டு என்று அமைந்தால் பேச்சு ஆங்கிலத்துக்கு வரும். எண்ணிக்கை அப்படிப் பொருந்தாவிட்டாலும் தனி ஒருவராக யாரையும் விடாதீர்கள். பொறுப்புகளை எழுதிக் கொடுத்து ஒவ்வொரு கிழமையும் சுழற்றுங்கள். சுழற்றாவிட்டால் ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர் எப்போதும் சமர்ப்பிப்பவர், தமிழ் மாணவி எப்போதும் குறிப்பெடுப்பவர் என்று முதல் கிழமையிலேயே உறைந்துவிடும்.

ஒப்படையும் செயற்கை நுண்ணறிவும்

2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்ததிலிருந்து விரிவுரையாளர் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் இதைப் பற்றித்தான். கண்டுபிடிப்பு மென்பொருளில் போட்டு “80 சதவீதம் இயந்திரம்” என்று வந்தால் பூச்சியம் போடுவது பரவிவருகிறது. இதில் எங்கள் மாணவருக்கு நேரடி அநீதி நடக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அவற்றில் சராசரியாக 61 சதவீதம் இயந்திரம் எழுதியதாகக் காட்டப்பட்டன. காரணம் எளிது: இந்த மென்பொருள்கள் எதிர்பார்க்கக்கூடிய, எளிய சொற்களைக் கண்டு இயந்திரம் என்கின்றன. இரண்டாம் மொழியில் எழுதுபவர் பயன்படுத்துவதும் அதே எளிய சொற்கள்தான். ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதாதென்று அதே வருடம் ஜூலையில் நிறுத்திவிட்டது.

பதிலாகச் செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு ஒப்படைத் தாளிலும் மூன்றில் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள்: செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது, மொழி திருத்த மட்டும் பயன்படுத்தலாம் ஆனால் அதைச் சொல்லிவிட வேண்டும், தாராளமாகப் பயன்படுத்தி எப்படி என்று விளக்க வேண்டும். கட்டுரையின் திட்டத்தை வகுப்பிலேயே கையால் எழுதி வாங்கி வையுங்கள், பிறகு இறுதிக் கட்டுரையோடு ஒப்பிடலாம். சந்தேகம் என்றால் ஐந்து நிமிட வாய்மொழி, மாணவர் விரும்பும் மொழியில். தலைப்பைப் புறக்கோட்டைச் சந்தை, தெமட்டகொட வீட்டுத்தொகுதி, தன் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் என்று மாணவர் நேரில் போய்ப் பார்க்கக்கூடியதோடு கட்டுங்கள். புள்ளித் திட்டத்தில் மொழிக்கு நூற்றுக்குப் பத்து என்று தனியாக ஒதுக்கி, மீதித் தொண்ணூறில் மொழிப்பிழைக்காகக் கை வைக்காமல் இருக்க வேண்டும். பெயர் மறைத்துச் சுட்டெண்ணை மட்டும் பார்த்துத் திருத்துவது பரீட்சைக்கு இருக்கிறது, ஒப்படைக்கும் அதைக் கொண்டுவரலாம்.

பரீட்சை

மேலதிக நேரம், வாசிப்பவர், எழுதுபவர் போன்ற ஏற்பாடுகளுக்கு நான்காம் வாரத்துக்குள் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மருத்துவக் கடிதம், பீடச் சபை, பரீட்சைக் கிளை என்று கடிதம் நகர நாளெடுக்கும். அனுமதி வந்த பிறகு நேர அட்டவணையைக் கையில் எடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். மணிக்கு 15 நிமிடம் என்று அனுமதித்தால் மூன்று மணித்தியால வினாத்தாளுக்கு 45 நிமிடம். ஒன்பதுக்குத் தொடங்கியவர் 12.45க்கு முடிப்பார், பிற்பகல் வினாத்தாள் ஒரு மணிக்கு என்றால் சாப்பாடு இல்லை, வெள்ளி என்றால் ஜும்ஆவும் போய்விடும். அதே நாளில் இரண்டு தாள் வராமல் பார்ப்பதுதான் தீர்வு. தனி அறை கொடுங்கள். மற்றவர்கள் எழுந்து போகும் சத்தத்துக்குள் 45 நிமிடம் எழுத முடியாது.

பெரிய எழுத்து வினாத்தாள் வேண்டும் என்றால் ஏ4 தாளை ஏ3 ஆகப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுப்பது வழக்கம். 12 புள்ளி எழுத்து 17 ஆகும், உண்மைதான். ஆனால் ஏ3 தாள் பரீட்சை மேசையில் விடைத்தாளோடு சேர்த்து விரிபடாது, கண்ணைத் தாளோடு ஒட்டி வாசிப்பவர் வரிக்கு வரி தலையை நீளமாக நகர்த்த வேண்டியிருக்கும். மூலக் கோப்பில் எழுத்தை 18 அல்லது 20 புள்ளியாக்கி ஏ4இலேயே மறுபடி அச்சிடுங்கள், வரைபடங்களை மட்டும் தனித்தாளில் பெரிதாக்குங்கள். பக்க எண் மாறிவிடும் என்பதால் “3ஆம் பக்கத்து அட்டவணையைப் பார்க்க” என்ற வசனங்களை “அட்டவணை 2” என்று முன்பே மாற்றிவிட வேண்டும்.

எழுதுபவராக நியமிக்கப்படுபவர் அந்த மொழிமூலத்தில் தடையின்றி எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மாணவர் தமிழில் சொல்ல, தமிழ் எழுதத் தடுமாறும் ஒருவரை உட்கார வைத்தால் மேலதிக நேரம் எழுத்துக்கூட்டிச் சொல்வதிலேயே கரைந்துவிடும். பரீட்சைக்கு முந்திய கிழமை இருவரையும் ஒரு மணித்தியாலம் உட்கார வைத்துப் பழைய வினாத்தாளின் ஒரு கேள்வியைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு வேகத்தில் சொல்வது, வரைபடத்தை எப்படி விவரிப்பது, எழுதியதைத் திரும்ப வாசிப்பது எப்போது என்பவற்றை அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.

பரீட்சைக் காலத்தில் மனம் தளர்ந்து வருபவர்களும் இருப்பார்கள். விரிவுரையாளர் ஆலோசகராக வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்து, குறுக்கிடாமல் கேட்டு, பீடத்தின் மாணவர் ஆலோசகர் யார் என்று சொல்லி, முடிந்தால் கூடவே போய் அறிமுகப்படுத்திவிட வேண்டும். அலுவலக நேரத்துக்கு வெளியே தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அதைப் பாடத்தொகுதிக் கையேட்டின் முதல் பக்கத்தில், பரீட்சைத் திகதிகளுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள், தேவைப்படுபவர் யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொள்ளட்டும்.